மாடம் இருக்கிறது, துளசி எங்கே?

புரட்டாசி சனிக்கிழமை என்றால் ஊரே கோவிந்தா போடுகிறது. எனக்கோ மறுநாள் காலையை நினைத்தாலே வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்துப் பெருமாள் கோயில் ஒன்றில், மடப்பள்ளிக்குப் பின்னால், மதிலோரம், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் துளசி மாலை மலையாகக் குவிந்து கிடக்கும். முதல் நாள் பெருமாள் மார்பில் கிடந்தவை அதில் கொஞ்சம்தான். கூட்ட நெரிசலில் வாசலோடு வாங்கி ஓரமாக வைக்கப்பட்டு, சுவாமியின் திருமேனியைத் தொடாமலே வெளியே வந்தவைதான் மிச்சமெல்லாம். பல மாலைகள் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் அப்படியே இருக்கும். வெயில் ஏற ஏறப் பைக்குள் இலை வெந்து, கறுத்து, புளித்த வாடை கிளம்பும். துளசியிலிருந்து இப்படி ஒரு வாடை வரும் என்று என் மாமியாரிடம் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அந்தப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தடை. கடைக்காரர்கள் கொடுக்கிறார்கள் என்பதைவிட, நாம் கேட்டு வாங்குகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு போனால் புடவை நனைந்துவிடுமாம். பெருமாளுக்குச் சாற்றப் போகும் துளசியின் ஈரம் புடவையில் பட்டால்தான் என்ன குறைந்துவிடும்?

மாலையைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். நைலான் நூல். தஞ்சாவூர்ச் சீமையில், வாழைக்குப் பெயர்போன திருவையாறும் திருக்காட்டுப்பள்ளியும் இருக்கிற காவிரிக்கரையில், துளசி மாலையை நைலானில் கட்டுகிறார்கள். வாழை மட்டையைக் காயவைத்து, நாராகக் கிழித்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, ஒவ்வொரு கொத்தாக வைத்து முடிச்சுப் போட்டுக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மாலை கழித்த பிறகு எருக்குழிக்குப் போனால் இலையும் நாரும் சேர்ந்தே மக்கிவிடும். மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாது. இப்போது கோயில் மாடு அந்தக் குவியலில் வாய் வைக்கும்போது பார்த்திருக்கிறேன். இலை உள்ளே போகும், நூல் கடைவாயில் தொங்கும், கொஞ்ச நேரத்தில் நூலும் உள்ளே போய்விடும். கோமாதா என்று தொட்டுக் கும்பிடுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பூக்கட்டுகிற பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வழக்கமாகக் கட்டித் தருகிற பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன். "ஏம்மா, நார்ல கட்டக் கூடாதா?" அவள் தலைநிமிராமல் சொன்னாள். "நாரை நனைச்சு, கிழிச்சுக் கட்டி முடிக்கிறதுக்குள்ள நூல்ல ரெண்டு மாலை கட்டிப்புடலாம்க்கா. மொழத்துக்குத்தானே காசு தர்றாங்க, நேரத்துக்கா தர்றாங்க?" அவள் சொல்வது நியாயம். நார் மாலைக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டால் முகம் சுளித்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறவர்கள் நாம். அதே நாம் உண்டியலில் நோட்டை மடித்துப் போடும்போது கணக்குப் பார்ப்பதில்லை.

இவ்வளவு மாலை எதற்கு என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது. துலாபாரக் கதை தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. கண்ணனின் எடைக்குச் சத்தியபாமா பொன்னையும் மணியையும் தட்டில் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள், தட்டு அசையவில்லை. ருக்மிணி வைத்தது ஒரே ஒரு துளசி இலை. காலட்சேபத்தில் அந்த இடம் வந்தால் கண்ணில் நீர் தளும்பக் கேட்கிறோம். எழுந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று முழம் வாங்கினாரே என்று நாம் ஐந்து முழம் வாங்குகிறோம். ஒரு இலைக்கு வசப்படுகிறவன் என்று சொல்லிக்கொண்டே, வண்டி வண்டியாகச் செடியை மொட்டையடித்துக் கொண்டுவந்து கொட்டுவது என்ன பக்தி?

பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன கட்டுப்பாடுகளை எண்ணிப் பாருங்கள். துவாதசியில் துளசி பறிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, பௌர்ணமி, மாதப்பிறப்பு, இதிலெல்லாம் கை வைக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு தொடவே கூடாது. குளிக்காமல் பறிக்கக் கூடாது, கொப்போடு ஒடிக்கக் கூடாது. பட்டியல் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். ஆனால் அத்தனையும் சேர்ந்து செய்த காரியம் ஒன்றுதான்: செடிக்கு மாதத்தில் பல நாள் ஓய்வு கிடைத்தது, தளிர் விட நேரம் கிடைத்தது. இன்னொன்றும் சொல்லிவைத்தார்கள். துளசிக்குப் பழையது என்ற தோஷம் கிடையாது. நேற்றுப் பறித்ததை இன்று சாற்றலாம், வாடினாலும் குற்றமில்லை. புதுசு புதுசாகப் பறித்துத் தள்ள வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்கள்? வைகுண்ட ஏகாதசிக்கும் அடுத்த நாள் துவாதசிக்கும் சேர்த்து முன்கூட்டியே பறித்து, ஓலைக்குடலையில் வைத்து வாழையிலை மூடி வைத்திருப்பார்கள். இன்றைக்குத் துவாதசி காலையில் கோயில் வாசலில் வாங்குகிற கட்டு எப்போது பறித்தது, விடியற்காலையிலா, நட்டநடு ராத்திரியிலா, யார் கேட்கிறோம்? ஏகாதசி விரதம் மட்டும் பல்லில் தண்ணீர் படாமல் இருந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் மண்ணுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். தொண்டரடிப்பொடி ஆழ்வார் அவதரித்த திருமண்டங்குடி கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, புள்ளபூதங்குடியை ஒட்டி. விப்ரநாராயணர் என்ற பெயரோடு இந்த வயல்காட்டில் பிறந்தவர் திருவரங்கத்துக்குப் போய்ச் செய்தது என்ன? பெரிய கோபுரம் கட்டவில்லை, பொன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நந்தவனம் போட்டார். மண்ணைக் கொத்தி, தண்ணீர் இறைத்து, துளசியும் பூவும் வளர்த்து, பறித்து, தொடுத்து, குடலையில் எடுத்துப்போய்க் கொடுத்தார். எந்தக் கோயிலில் அவர் திருமேனி இருந்தாலும் கையில் பூக்குடலை இருக்கும். மார்கழிக் கேட்டையில் அவருக்குத் திருநட்சத்திரம் கொண்டாடுகிறோம். அவருடைய திருப்பள்ளியெழுச்சியைப் பாடாத மார்கழி விடியல் கிடையாது. பாட்டை வைத்துக்கொண்டோம், அவர் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டோம்.

ராஜராஜன் காலத்திலிருந்து பார்த்தாலும் இதேதான். காவிரிக்கரைக் கோயில்களின் சுவரிலே வெட்டி வைத்திருக்கிற கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்று தனியாக நிலம் விட்ட செய்தி எத்தனை! தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் மாலை தொடுக்கிறவர்களுக்கும் நெல் அளந்தார்கள். விளக்குக்கு எண்ணெய் எப்படி நிற்காமல் வர வேண்டுமோ, அப்படியே பூவுக்கும் துளசிக்கும் ஆளும் கூலியும் தண்ணீரும் நிற்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்து எழுதி வைத்தார்கள். துளசி தானாக வராது, யாரோ ஒருவர் தினமும் குனிந்து நிமிர வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கோயிலில் நந்தவனம் என்று ஒரு இரும்புப் பலகை இன்னும் இருக்கிறது. பலகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம். நடுவில் ஏற்றக் கிணறு ஒன்று, குப்பை நிரம்பிப் போயிருக்கிறது. ஒரு ஓரத்தைச் சமன்செய்து சிமெண்டுக் கல் பதித்து வண்டி நிறுத்த விட்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் பணம் வராமல் இல்லை. பிராகாரம் முழுக்கக் கிரானைட் போட உபயதாரர் வந்தார். வரிசைக்கு எவர்சில்வர் கம்பி போட ஒருவர். மணி தானாக அடிக்கிற மின்சார யந்திரம் வாங்கித் தர ஒருவர். எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. துளசிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளைப் போட்டு மாதச் சம்பளம் கொடுக்கிறேன் என்று இதுவரை யாரும் வரவில்லை. பெயர் பொறிக்க அதில் இடமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கிரானைட் போட்டதில் வெயிலில் கால் வைக்க முடியவில்லை என்பது வேறு.

ஒப்பிலியப்பன் கோயில் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருநாகேசுவரத்தை ஒட்டி இருக்கிற திருவிண்ணகர் அது. மார்க்கண்டேய மகரிஷி துளசிச் செடியடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார். அவள்தான் பூமிதேவி. வயோதிகர் வேஷத்தில் பெண் கேட்டு வந்த பெருமாளிடம், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாத சின்னப் பெண் என்று ரிஷி தயங்க, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று சொல்லிக் கைப்பிடித்தார். இன்றைக்கும் அங்கே தளிகையில் உப்பு கிடையாது. கோயிலுக்குள் யாரும் உப்புப் பண்டம் எடுத்துப்போவதில்லை, அந்தக் கட்டுப்பாட்டைக் குழந்தைகள்கூட மதிக்கின்றன. கதையின் உப்பை இவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொண்ட நாம், அதே கதையில் தாயாரையே மடியில் வைத்திருந்த செடியை ஏன் விட்டுவிட்டோம்?

கோயில் ஒருபக்கம் இருக்கட்டும். வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வரிசையாக இருக்கும். துளசி மாடம் முற்றத்திலோ கொல்லையிலோ இருக்கும். முற்றத்துக்கு மேலே வானம். காலை வெயில் கூரைச் சரிவில் இறங்கி நேரே செடிமேல் விழும். மாடத்தைச் சுற்றித்தான் செங்கல் கட்டு, உள்ளே அடிவரை மண், அந்த மண்ணுக்குக் கீழே தரை. எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் கீழே இறங்கிப்போகும். வேர் தன் இஷ்டத்துக்கு ஓடும்.

இப்போது கட்டுகிற வீடுகளில் முற்றத்தை மூடிவிட்டார்கள். வாசலில் கார் நிறுத்த ஒரு கூரை, அதன் கீழே கம்பிக் கதவு, கதவோரம் மாடம். மாடத்தில் குறை சொல்ல முடியாது. பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, நாலு பக்கமும் தாமரை, சங்கு சக்கரம், அகல் வைக்கப் பிறை. வாஸ்து பார்த்து மூலை குறித்திருப்பார்கள். ஆனால் அந்த மூலைக்கு வெயில் வருமா என்று மட்டும் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொத்தனார் அடியில் ஓட்டை விட்டிருக்க மாட்டார், விடச் சொல்ல வீட்டுக்காரருக்கும் தோன்றியிருக்காது. வயலிலிருந்து அள்ளிவந்த களிமண்ணை அப்படியே போட்டு நிரப்பியிருப்பார்கள். நெல்லுக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்பதால் நமக்கு அமைந்த மண் அது. துளசிக்கு நேர்மாறு. அதற்கு வெயில் வேண்டும், வடிகால் வேண்டும், மணலும் மக்கின எருவும் கலந்த இளக்கமான மண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாடம் குளமாக நிற்கும்போதும், நியமம் தவறக் கூடாது என்று மேலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுச் சுற்றி வருகிறார்கள். வேர் அழுகாமல் என்ன செய்யும்?

எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண். அவர்கள் வீட்டு மாடத்தில் வைக்கிற துளசி ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டே வந்தது. துளசி பட்டால் வீட்டுக்கு ஆகாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது போதாதா? அந்த வீட்டுப் பெரியவர்கள் முதலில் ஜாடையாகச் சொன்னார்கள். பிறகு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள். வந்த நேரம் சரியில்லை, சுத்தம் போதவில்லை, நிழல் பட்டிருக்கும் என்று. அந்தப் பெண் என்னிடம் வந்து குரல் கம்ம, "அத்தை, என் கைக்குத் துளசி வராது போலிருக்கு" என்றாள். நான் அவளோடு போய், பட்டுப்போன செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கையோடு வந்தது. வேரைச் சுற்றிக் கறுப்புப் பாலித்தீன் பை! நர்சரியில் வாங்கிவந்த பையைக் கிழிக்காமல் அப்படியே மாடத்துக்குள் இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பைக்குள் வேர் சுருண்டு சுருண்டு கயிறாகத் திரிந்து, வெளியே வர வழியில்லாமல் செத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதில் அதற்கு முன்னால் வைத்த செடியின் பையும் கிடைத்தது. நட்டது அந்தப் பெண்ணும் இல்லை, வீட்டு ஆண்கள்தான் நல்ல நாள் பார்த்து நட்டிருக்கிறார்கள்.

ஒரு பிளாஸ்டிக் பை செய்த காரியத்துக்கு ஒரு பெண்ணின் தலையில் பழி! இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. துளசி பட்டுப்போவது சகுனம் இல்லை. வெயில் இல்லாவிட்டால் படும். தண்ணீர் தேங்கினால் படும். இலைக்கடியில் கறுப்புப் புள்ளியாகப் பூச்சி அடைந்து, இலை சுருண்டு பழுப்பேறினால் படும். அதற்கு வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்போடு தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் போதும். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் முதிர்ந்து தண்டு கட்டையாகி ஒருநாள் பட்டுத்தான் போகும், அதன் ஆயுசு அவ்வளவுதான். அதற்குள் அடியில் நாலு கன்று முளைத்திருக்கும். என் மாமியார் பட்ட தண்டைப் பிடுங்கி உலர்த்தி எடுத்து வைத்துவிட்டு, கன்று ஒன்றை நடுவில் நட்டுத் தண்ணீர் ஊற்றுவார். சகுனம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. லட்சுமி என்று கும்பிடுகிற செடியைக் காட்டி ஒரு மருமகளை அழவைக்கிற வீட்டில் எந்த லட்சுமி தங்குவாள்?

செடிக்குச் செய்கிற உபசாரத்திலும் இதே அசட்டைதான். பாக்கெட் குங்குமத்தைத் தினமும் தூரில் கொட்டுகிறார்கள். சாயம் கலந்த தூள் அது, மண்ணில் ஊறி ஊறிச் சிவப்பாக ஒரு படலம் பிடித்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிறார்கள், எறும்பு வருகிறது, பின்னாலேயே மாவுப்பூச்சி வருகிறது. எரிந்த ஊதுவத்திக் குச்சிகளைத் தொட்டி மண்ணிலேயே நட்டு நட்டு ஒரு வேலியாகிவிடுகிறது. அகலைத் தண்டோடு ஒட்டி ஏற்றுகிறார்கள், கீழ் இலையெல்லாம் கருகுகிறது. பிருந்தாவன துவாதசிக்கு நெல்லிக் கொப்பை நட்டுத் துளசிக்குக் கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. மராத்தியர் ஆண்ட ஊர் இது, ராயர் வீடுகளில் அன்று மாடத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். எனக்கும் மிகவும் பிடித்த பண்டிகை. ஆனால் அன்று தண்டில் கட்டிய மஞ்சள் கயிற்றை மறுநாள் தளர்த்துகிறார்களா? ஒரு வீட்டில் நானே பார்த்தேன். தண்டு பருத்து, கயிறு உள்ளே புதைந்து, அதற்கு மேலே செடி வெளுத்துப் போயிருந்தது. பார்த்துவிட்டுச் சும்மா வர மனம் வராமல், அவர்களிடம் கேட்டுக்கொண்டு கத்தரியால் வெட்டிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் வாட்ஸ்அப். துளசி இரவும் பகலும் பிராணவாயு விடுகிறதாம், ஓசோன் விடுகிறதாம், விஞ்ஞானிகள் வியக்கிறார்களாம். மார்கழி பிறந்தால் இது வராத குழு இல்லை. இரவில் எல்லாச் செடியையும் போலத் துளசியும் பிராணவாயுவை எடுத்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறது. ஓசோன் எந்தச் செடியும் விடுவதில்லை, அதைச் சுவாசித்தால் நெஞ்சுக்குக் கெடுதல். துளசிக்கு உள்ளது உள்ளபடியே எவ்வளவோ பெருமை இருக்கிறது. கிராம்பில் இருக்கிற யூஜெனால் என்ற அதே சத்து துளசி எண்ணெயிலும் இருக்கிறது, அந்தக் காரமும் வாசனையும் அதனால்தான். சளி பிடித்த குழந்தைக்கு நாலு இலையும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்த கைகள் நம் வீட்டுக் கைகள்தான். இல்லாத பெருமையைச் சுமத்துகிறவர்கள் இருக்கிற செடிக்கு ஒரு கை எரு போட்டிருக்கிறார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இன்றைக்குக் கஷாயத்துக்கு இலை வேண்டுமென்றால் மாலைக் கட்டைப் பிரித்துப் போடுகிறார்கள். நான் ஒருமுறை கடைக் கட்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். துளசி வாசனைக்கு முன்னால் பூச்சிமருந்து வாடை வந்தது. பெருமாள் தீர்த்தத்தில் அதே இலைதான் விழுகிறது, நம் உள்ளங்கைக்கு வருகிறது.

துளசிக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. பஞ்ச ஆரண்ய தலங்கள் என்று ஐந்தும் நம் பக்கத்தில்தான்: திருக்கருகாவூர் முல்லைவனம், அவளிவநல்லூர் பாதிரிவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், திருக்கொள்ளம்பூதூர் வில்வவனம். விடியலில் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஒரே நாளில் ஐந்தையும் தரிசிப்பது மரபு, கார் வைத்துக்கொண்டு நிறையப் பேர் போய்வருகிறார்கள். சுவாமியைச் செடியின் பெயராலும் காட்டின் பெயராலும் அறிந்த ஊர்க்காரர்கள் நாம். எத்தனையோ கோயில்களில் தல விருட்சத்தைக் கழுத்துவரை சிமெண்டு மேடை கட்டி, தொட்டிலும் வளையலும் பிளாஸ்டிக் கயிறுமாக மூச்சுமுட்ட வைத்திருப்பதைப் பார்க்கும்போது, பெயர் மட்டும் மிஞ்சிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நேரமில்லை என்கிறார்கள். துளசிக்கு ஆகிற நேரம் எவ்வளவு? காலையில் விரலை மண்ணில் வைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமிருந்தால் வெறும் கும்பிடு. வாரம் ஒருமுறை கதிரைக் கிள்ளுவது. கதிரைக் கிள்ளினால் பாவம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் செடி விதை வைத்துச் சீக்கிரம் முதிர்ந்துவிடும். கதிரோடு கூடிய துளசிதான் பெருமாளுக்கு விசேஷம் என்று வைத்தவர்கள், செடியின் ஆயுசையும் நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். கிள்ளிச் சாற்றினால் பூஜைக்கும் ஆயிற்று, செடியும் பக்கவாட்டில் கிளைத்துத் தழைக்கும்.

எனவே நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். மாடத்து மேல்மண்ணைக் கிளறி, அடியில் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லாவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு ஓட்டை போடச் சொல்லுங்கள். வெயில் வராத மூலையில் மாடம் இருந்தால், செடியை ஒரு மண்தொட்டியில் வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். அங்கே போய்க் கும்பிட்டால் தப்பில்லை. இரண்டு கதிரை மட்டும் கிள்ளாமல் காயவிட்டு, தை பிறந்து மழை ஓய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்து விதையைத் தூவுங்கள். முளைத்ததில் ஒரு கன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள், பையில்லாமல். மாலை வாங்கினால் நாரில் கட்டியதைக் கேளுங்கள், கூடுதல் காசை அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள். கோயிலுக்கு உபயம் எழுதப் போகிறவர்கள் இந்த வருஷம் கல்லும் கம்பியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நந்தவனத்துக்கு ஒரு தோட்டக்காரரைப் போட்டு அவருடைய ஒரு வருஷச் சம்பளத்தை எழுதிக் கொடுங்கள்.